ஆணி ருசிக்கும் குரல்

எழுபதுகளின் கடைசியில் சிவகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், புருஷனிடம் ஓர் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். சிலருடைய குரல் காதில் விழுந்தால் எனக்கு நாக்கில் ருசி தட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"ஒங்க கொரலு பனங்கற்கண்டு. ஒங்க அம்மா பேசுனா துருப்பிடிச்ச ஆணியச் சப்புத மாதிரி இருக்கு" என்றேன்.

அந்த மனிதர் பனங்கற்கண்டை விழுங்கிவிட்டு, ஆணியை மட்டும் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மாமியார் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தாள். அந்த ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து அதுதான். தண்ணீரில் கரைத்து நீட்டினாள்.

"குடி ஏட்டி, நாக்குல உள்ள வெசம் எறங்கட்டும்."

குடித்தேன். மண் நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றாள். மறுபடியும் ஆணி. அதையும் சொன்னேன்.

இனி என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அம்மன்மேல் சத்தியம் செய்தாள். அதுவரை நான் சாப்பிட உட்கார்ந்தால்தான் அவளுக்குப் பேச்சே வரும். அன்று மத்தியானம் வெறும் ரசம்தான். ஆனால் அந்த வீட்டில் முதன்முதலாகச் சோறு சோறாக ருசித்தது.

சமாதானம் செய்துவைக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள்.

"சாமி காரியம். அத்தைய சத்தியத்த மீறச் சொல்லாதீங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.