இரண்டாம் பாடம் முடியவில்லை

ஒரு ஞாயிறு ஆராதனையில், வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் மைக்கை நான் அணைத்தேன். அவனைத் தலைகுனிய வைப்பதற்கென்றே அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவனும் நான்தான். இரண்டையும் தெரிந்தே செய்தேன்.

அப்போது நான் எங்கள் சபையின் செயலாளர். அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய கிறிஸ்தவக் கோயில் அது. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றபின் அஞ்சல் வழியில் இறையியல் படித்தேன், கூடவே கொஞ்சம் கிரேக்கம். அதனால் சனிக்கிழமை மாலை வேத ஆராய்ச்சி வகுப்பில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

ஒருபால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வருடம் அது. வகுப்பிலும் அந்தப் பேச்சு வந்தது. வேதாகமத்தில், லேவியராகமத்திலேயே கூடாது என்று இருக்கிறதே என்றார் ஒரு பெரியவர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்த இளைஞன் எழுந்தான். மந்தைவெளியில் விதவைத் தாயோடு வசித்தவன். அவனைப் பற்றி ஏற்கெனவே காதோடு காதாக ஒரு பேச்சு இருந்தது.

"அதே புஸ்தகத்துல தண்ணியில வாழ்றதுல செதிள் இல்லாததைத் தின்னக் கூடாதுன்னும் இருக்கு அங்கிள். போன அறுவடைப் பண்டிகையில இறால் வறுவலை யாரு ஏலம் எடுத்தது?"

எடுத்தவர் அந்தப் பெரியவர்தான். வகுப்பே சிரித்தது. ஒருபால் உறவுக்காகவே கடவுள் அழித்ததாகப் பலரும் சொல்லும் சோதோம் நகரின் பாவம் கர்வமும் ஏழையைக் கைவிட்டதும்தான் என்று ஒரு தீர்க்கதரிசியே சொல்லியிருப்பதை அவன் காட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், உங்களுக்குக் கிரேக்கம் தெரியும். பவுல் இதைப் பத்தி எழுதுன அந்தக் கிரேக்க வார்த்தைக்கு இதுதான் அர்த்தம்னு அடிச்சுச் சொல்ல முடியுமா?"

முடியாது. படித்தவர்களே அதில் ஒத்துப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். "முடியும்" என்றேன்.

"அப்ப என்னை மாதிரி ஆளுங்க எங்க போறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் அவன் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் இரண்டாம் பாடம் வாசிக்கும் முறை அவனுடையது. காலையில் கோயில் திறந்ததும் நான் உள்ளே போய், பீடத்தருகே இருந்த பெரிய வேதாகமத்தின் பக்க அடையாள நாடாவை அன்றைக்குக் குறித்த பகுதியிலிருந்து எடுத்து, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வைத்தேன். அவன் வந்ததும், "பகுதி மாறியிருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னேன். அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதி ஒருபால் உறவைக் கண்டிப்பது என்று எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கோயிலில் பாடம் வாசிக்கும்போது யாரும் எழுந்து போகக் கூடாது. பிந்தி வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். வாசிப்பவர் "இத்துடன் இரண்டாம் பாடம் முடிகிறது" என்று சொன்ன பிறகே சபை எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்.

அவன் வாசித்தான். குரல் நடுங்கவில்லை. முன்வரிசையில் அவன் தாய் மடியில் குடையை வைத்துக்கொண்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரத்தின் கடைசி வசனம் வந்தது. முடிகிறது என்று அவன் சொல்லவில்லை. நிறுத்தாமல் அடுத்த அதிகாரத்துக்குள் போனான். அங்கே பவுல், அதுவரை கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்துத் திரும்புகிறார்: பிறருக்குத் தீர்ப்புச் சொல்கிறவனே, உனக்குச் சாக்கு இல்லை என்கிறார்.

ஒலிபெருக்கியின் பெட்டி என் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கை நீட்டி அணைத்தேன்.

மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது. சிறிது நேரத்தில் புத்தகத்தை மூடாமலே இறங்கி, நடுவழியாக நடந்து, வாசலில் காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் எழுந்து விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினேன். எல்லோரும் எழுந்தார்கள். அவன் தாய் எழவில்லை. மூட்டுவலி என்று நினைத்தேன்.

அவன் இனிப் பாடம் வாசிக்கக் கூடாது, பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கூடாது என்று கமிட்டித் தீர்மானம் வந்தது. வாசகம் என்னுடையது. அவன் திருவான்மியூருக்கு வீடு மாறினான். தாய் மந்தைவெளியிலேயே தனியாக இருந்தார்.

சில வருடங்களில் என் காது மந்தமாகி, கருவி மாட்டிக்கொண்டேன். மாட்டிய முதல் ஞாயிறு யாரோ ஒரு பெண் பாடம் வாசித்து முடித்தார். சபை எழுந்தது. என் காதில் வாசிப்பு நிற்கவில்லை. தாழ்ந்த குரல், ஆண் குரல். தீர்ப்புச் சொல்கிறவனே என்று தொடங்கி, அணைத்த இடத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

தி.நகரில் கருவி விற்ற பெண் அதைச் சோதித்துப் பார்த்து, "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். அடுத்த ஞாயிறு பாடம் முடிந்ததும் கருவியைக் கழற்றிப் பையில் போட்டேன். ஆர்கன் மங்கியது, சபையின் குரல் மங்கியது. அந்தக் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் வாட்ச்மேனிடம், ஸ்பீக்கரை அணைக்கவில்லையா என்று கேட்டேன்.

"இன்னா சார், மெயினே ஆஃப்ல கீது" என்றார் அவர். பிறகு முன்வரிசையைக் காட்டினார். "அந்தம்மாவும் இப்டித்தான் சார். கோயிலே காலியாப்பூடும், அது குந்திக்கினே கீது. எதையோ காது குடுத்துக் கேட்டுக்கினு கீற மாதிரி. எனக்கே ஒரு மாதிரி ஆவுது. நாந்தான் போய் எழுப்பி உடணும்."

அந்தத் தாயின் அருகில் போனேன். பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

"வீட்டுக்குப் போகலையாம்மா?"

"பாடம் முடியலையே அண்ணே" என்றார்.

அவர் முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை.

"மகன் என்னைத் தன்கூட வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். எனக்கும் உடம்பு தளர்ந்துபோச்சு, கண்ண மூடுறதுக்குள்ள அவன் கூட இருக்கணும்னுதான் ஆசை. ஆனா நடுவுல எழுந்து போகக் கூடாதுல்ல?"

அந்த வாரமே திருவான்மியூர் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடித்த ஒரு அடுக்குமாடி. அவனே கதவைத் திறந்தான். நரைக்கத் தொடங்கியிருந்தான். கூட வசிப்பவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் நாடாவை மாற்றியதையும், அந்தக் கிரேக்க வார்த்தையைப் பற்றிப் பொய் சொன்னதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். ஒரு முறை வந்து அந்தப் பாடத்தை முடித்துவைக்க முடியுமா என்றும் கேட்டேன்.

"நல்லா இருக்கே அங்கிள்! நீங்க நிறுத்துவீங்க, நான் வந்து முடிக்கணுமா?"

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"அம்மா அங்கேயே உக்காந்திருக்காங்கன்னு தெரியும். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாங்க. நிறுத்துனவர் நீங்க. நீங்களே படிங்க." மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. வாசல்வரை வந்து லிஃப்ட் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டான்.

தவக்காலத்தில் எனக்கு வாசிக்கும் முறை வந்தது. குறித்த பகுதியை வாசித்தேன். பிறகு நாடாவை மாற்றிய கதையையும், அந்த வார்த்தையின் பொருள் எனக்கு உறுதியாகத் தெரியாது என்பதையும் சபைக்குச் சொல்லிவிட்டு, ரோமரின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். "ஐயா, போதும்" என்றார் இப்போதைய செயலாளர். நான் வாசித்தேன். அவர் கை பெட்டியை நோக்கிப் போவதைப் பார்த்தேன். மின்விசிறிகளின் சத்தம் மேலெழுந்தது.

நான் நிறுத்தவில்லை. என் குரல் எனக்குக் கேட்கவில்லை. காதில் அவன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. என் உதடுகள் அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் தலைகுனிந்திருந்தார்கள். ஓர் இடத்தில் அந்தக் குரல் நின்றது. "இத்துடன் இரண்டாம் பாடம் முடிகிறது" என்றேன்.

யாரும் எழவில்லை. முன்வரிசையில் அந்தத் தாய் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. நடுவழியாக மெல்ல நடந்து, மகன் போன அதே வாசல் வழியாக வெளியே போனார்.

கமிட்டி வாசிப்பவர் முறையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டது. மகன்மேல் இருக்கும் தீர்மானம் அப்படியே இருக்கிறது. நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஆயரோ, பார்க்கலாம் என்கிறார். நான் வாசித்த அடுத்த வாரமே மகனிடமிருந்து போன் வந்தது.

"அம்மா இங்க வந்துட்டாங்க. நல்லா சாப்பிடுறாங்க, தூங்குறாங்க. இனி அங்க வர மாட்டாங்க." பிறகு, "குடைய மறந்துட்டாங்களாம். நீங்க கொண்டுவர வேணாம். இருக்கட்டும்" என்றான்.

குடை முன்வரிசைப் பெஞ்சில் தொங்குகிறது. வாட்ச்மேன் அதைத் தொடமாட்டேன் என்கிறார். இப்போது பாடம் முடிந்ததும் என் காதில் எதுவும் கேட்பதில்லை. சபை எழுகிறது. நான் சற்று நேரம் உட்கார்ந்தே கேட்டுப் பார்க்கிறேன்.