பாடி வருதுங்க

பாடி என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் எனக்குத் தெரிந்திருந்தன. டீச்சர் சொன்னது உடம்பு. ஜவுளிக்கடையில் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டு, தாளில் சுற்றி வாங்கியது இன்னொன்று. மூன்றாவது, நாமக்கல் பட்டறையில் லாரிக்குக் கட்டுவது. ஒரே சொல் எப்படி மூன்று இடத்தில் வேலை பார்க்கிறது என்று எனக்குத் தீராத ஆச்சரியம்.

அப்பா அதுவரை அடுத்தவர் லாரிக்கு டிரைவர். வடக்கே லைனுக்குப் போனால் திரும்ப மாதமாகும். சொந்த லாரி வாங்கியபோது, கண்ணு பட்டுவிடும் என்று அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை, ஆத்தூரிலிருந்த தன் அக்காவிடம்கூட.

அந்தப் பெரியம்மா போன் செய்தபோது அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். அப்பா எங்கே என்று கேட்டாள்.

"நாமக்கல்லுங்க பெரிம்மா. மத்தியானம் பாடி வந்துருமுங்க."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் பேச்சே இல்லை. சார்ஜ் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அம்மா ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். முதலில் வந்தது ஒரு வாடகைக் கார். பெரியம்மா தலைவிரிகோலமாக இறங்கினாள். பின்னாலேயே பெரியப்பா, பெரிய ரோஜா மாலையோடு.

"போயிட்டாரா தங்கம், உன்னை விட்டுட்டுப் போயிட்டாரா" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தட்டு கீழே விழுந்து சிவப்புத் தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தனக்கு வருமுன் செய்தி அக்காவுக்குப் போயிருக்கிறது என்று நம்பிவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியாமலே பயமாக இருந்தது.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. பச்சை பாடியும் நெற்றியில் என் பெயருமாக லாரி வந்து நின்றது. இறங்கிய அப்பா பெரியப்பாவைப் பார்த்து, "அட, மாலையெல்லாம் எதுக்குங்க" என்றார்.

விஷயம் விளங்கியதும் தெருவே சிரித்தது. "ஆஸ்பத்திரியில பொணத்தைத்தானே பாடின்னுவாங்க, நான் என்னத்தைக் கண்டேன்" என்று பெரியம்மா என் காதைத் திருகி, திருகிய இடத்திலேயே முத்தமும் கொடுத்தாள். நாலாவது அர்த்தம் கிடைத்ததில் எனக்குக் காது வலிக்கவே இல்லை. வாங்கியது வீணாக வேண்டாமே என்று பெரியப்பா மாலையை லாரிக்குப் போடப் போனார். அம்மா அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு லாரி எத்தனையோ முறை பட்டறைக்குப் போனது. அம்மா ஒரு தரம்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "வண்டிக்கு ஊடு கட்டப் போயிருக்காங்க" என்பாள். லாரிக்கு யாராவது வீடு கட்டுவார்களா? பாவம், அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்துக்கொண்டேன்.