புதுச் சக்கரத்துக்குப் பழைய எண்ணெய்

எங்கள் முதலாளி பஸ் வாங்குவதற்கு முன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். தோலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அதனால் பஸ்ஸைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று நினைத்ததுதான் தொல்லை. மனிதர் டயரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்.

நான் அவருடைய டிரைவர். அது முப்பதுகளின் தொடக்கம். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே ஓடிய அந்த ஒற்றை பஸ்ஸைக் காட்டித்தான் வாலாஜாபேட்டையில் மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளையை பஸ்ஸிலேயே அழைத்துவந்து தேவாலய வாசலில் இறக்குவதாகச் சம்பந்திக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வந்து இறங்குகிற அழகில்தான் ஊரில் தன் மானமே இருக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணம் நெருங்கும் நேரம் பார்த்து கியர் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் உடைந்தது.

மெட்ராஸிலிருந்து புதுச் சக்கரம் வந்தது, மாட்டினோம். வடித்துவைத்த பழைய எண்ணெய் கரிக்குழம்பாகக் கிடந்தது. முதலாளி வீட்டில் புது எண்ணெய் ஒரு டின் இருந்தது; எடுத்துவரச் சொன்னேன். அவரோ நைந்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து, நாலாக மடித்து வாளியின் வாயில் கட்டி, பழைய எண்ணெயை அதில் ஊற்றச் சொன்னார். கஞ்சத்தனம் என்றால் மன்னித்திருப்பேன். இது சித்தாந்தம்.

"புதுத் தோல எடுத்ததும் காரமான பட்டத் தண்ணியில போட்டா இன்னா ஆவும்? மேல சுருங்கிக்கும், உள்ள எறங்காது. மொதல்ல பழைய தண்ணி, அப்புறந்தான் புதுத் தண்ணி. சக்கரமும் புதுசுதானே?"

தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்கு அது சரிதான். எந்த ஷெட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். இரும்பு தோல் இல்லையே என்றேன். இரண்டும் பதப்பட வேண்டியவைதான் என்றார்.

எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய மறுநாள் ஆகிவிட்டது. பார்க்கக் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பழைய மாக்னெட்டோவிலிருந்து கழற்றிவைத்திருந்த காந்தத்தை வாளிக்குள் விட்டு எடுத்தேன். இரும்புத்தூள் கறுப்புத் தாடிபோல ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இதற்கு மேல் என்ன பேசிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"துணியில தப்பிச்சது காந்தத்துல மாட்டிக்கிச்சு. இனிமே இன்னா இருக்குது? ஊத்து."

ஊற்றினேன்.

வாலாஜாபேட்டையில் மாப்பிள்ளையை மரியாதையாக என் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார்கள். பின்னால் அவர் சொந்தக்காரர்கள். வேலூர் தாண்டியதும் கியர் பெட்டி முனக ஆரம்பித்தது. என்ன சத்தம் என்று மாப்பிள்ளை கேட்டார். வண்டிக்கும் கல்யாண சந்தோஷம் என்று உளறிவைத்தேன். ஆம்பூர் ரயில்வே கேட்டில் நிறுத்திவிட்டுத் திரும்ப முதல் கியரைப் போட்டபோது உள்ளே பல் பொடிகிற சத்தம் கேட்டது. முன்னால் போகிற கியர் ஒன்றும் பிடிக்கவில்லை. ரிவர்ஸ் மட்டும் பிடித்தது.

தேவாலய மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. சம்பந்தி வீட்டாரை இறக்கி, பட்டு வேட்டியோடு தள்ளவைத்து, வண்டியைத் திருப்பினேன். கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்டிப் போனேன். பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதை மறந்து வழிவிட்டார்கள். மாலையோடு வாசலில் நின்ற முதலாளியிடம் முதலில் போய்ச் சேர்ந்தது பஸ்ஸின் பின்பக்க ஏணி. முன்சீட்டு மாப்பிள்ளை எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. முதலாளி மாலையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி முன்பக்கம் ஓடினார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்த எனக்கே பாவமாகிவிட்டது.

நல்லவேளை, கல்யாணம் நடந்தது. பஸ் படுத்துவிட்டதால் பெண்ணும் மாப்பிள்ளையும் ரயிலடிக்கு மாட்டு வண்டியில் கிளம்பினார்கள். முதலாளி என்னிடம் கியர் பெட்டி எண்ணெயை வடிக்கச் சொல்லி, அதை அந்த வண்டியின் அச்சுக்குத் தன் கையாலேயே போட்டார். வண்டி கிறீச்சென்று ஒரு சத்தம் போடாமல் நகர்ந்தது.

"பாத்தியா? எண்ணெ மேல இன்னா குத்தம்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை, இப்போது வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தெருமுனை திரும்பும்வரை மாமனாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.