வலி நின்ற மதியம்

நடவு நாளில் அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது அடிவயிற்றில் திடீரென்று வெட்டி இழுக்கும் வலி, கூடவே வாந்தி. வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நடவு முடியாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்றார்.

நன்னிலத்தை அடுத்த எங்கள் ஊரில் இத்தகைய வலிக்குக் குடலேற்றம் என்று பெயர். அன்று மாலை பக்கத்து வீட்டு ராஜாத்தி அத்தை விளக்கெண்ணெய் தடவி வயிற்றை வழித்துவிட்டார்.

“நாத்துக் கட்டுகளத் தூக்கி வீசுற வயசா அண்ணி உங்களுக்கு? கொடல் ஏறாம என்ன செய்யும்?”

“பேசாம வழிச்சு விடுடி. சிரிச்சா குத்துது.”

வலி குறைந்தது, மறுநாள் திரும்பியது. மறுபடி எண்ணெய். கருப்பைக் கோளாறாக இருக்குமோ என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அதெல்லாம் நின்னு எத்தனை வருஷமாச்சு! படிச்ச புள்ள கேக்குற கேள்வியப் பாரு.”

மூன்றாம் நாள் மதியம் வலி அடியோடு நின்றது. அம்மா ரசஞ்சோறு கேட்டார். நாங்கள் நிம்மதியடைந்தோம். மாலையில் காய்ச்சல் கண்டு, வயிறு பலகைபோல் இறுகியது. தஞ்சாவூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

ஸ்கேன் பார்த்த மருத்துவர், “வலி எப்போங்க நின்னுச்சு?” என்றார்.

“இன்னைக்கு மத்தியானம். சரியாயிடுச்சுன்னு நெனச்சோம்.”

“சரியாகலைங்க. சினைப்பையில கட்டி இருக்கு. அந்தப் பாரத்துல அது முறுக்கிக்கிச்சு. முறுக்கு தளர்றப்பல்லாம் வலி கொறஞ்சிருக்கும். இன்னைக்கு நின்னது, சினைப்பையே செத்துப்போனதால இருக்கலாம்.”

“வயித்த வழிச்சதாலயா டாக்டர்?”

“அதைச் சொல்ல முடியாதுங்க. நேரம் போயிடுச்சு. அது மட்டும் நிச்சயம்.”

சினைப்பை முறுக்கம் (சினைப்பை தன் ரத்தக்குழாய்களோடு சுற்றிக்கொண்டு, ரத்த ஓட்டம் அடைபடுதல்) இளம்பெண்களுக்கு மட்டுமே வருவதன்று. மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பெரும்பாலும் கட்டியோடு வருகிறது. ஆகவே புற்றுநோய் உண்டா என்றும் பார்க்கிறார்கள். இளவயதில் முறுக்கைப் பிரித்துச் சினைப்பையைக் காக்க முயல்வார்கள். அம்மாவின் வயதில் பொதுவாக அகற்றிவிடுவார்கள்.

அம்மாவுடையது கறுத்து அழுகியிருந்தது. அகற்றிய பிறகும் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும் நிலை) அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தியது. புற்று இல்லை என்ற முடிவு வந்தபோது, அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை.

பிழைத்து வீடு திரும்பினார். ராஜாத்தி அத்தை எங்கள் வாசல் வழியே நடப்பதையே விட்டிருந்தார். அம்மாதான் ஆள் அனுப்பி அழைத்தார். அத்தையின் கையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. வந்துபோகும் வலியை, போய்விட்ட வலியென்று நாங்கள் அனைவருமே நம்பினோம். இதை வாசிக்கும் நீங்கள் நம்பாதீர்கள். அன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அறுவடை முடிந்துவிட்டது. தழும்பு சுருக்கென்று இழுக்கும் நாட்களில் அம்மா இயல்பாக இருக்கிறார். இழுக்காத நாட்களில்தான் கைவேலையை நிறுத்தி, அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பார்க்கிறார்.

“வலிக்குதாம்மா?”

“இல்லையே,” என்கிறார். அவர் கை அங்கேயே இருக்கிறது.