கொழுந்தன் இன்னும் வரவில்லை

ஆனி கடைசி வெள்ளி, காலை ஒன்பதே முக்கால். தென்காசி பேருந்து நிலையம். கென்ய கிராமங்களையும் அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் ஊர்களையும் ஒப்பிடும் புத்தகம் என் மடியில் இருக்கிறது.

பக்கத்தில் செல்லத்தாய். இறந்த கணவரின் வயல் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற வீரகேரளம்புதூர் தாலுகா அலுவலகத்துக்குப் போகிறார். கொழுந்தன் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். அவனோ விடிந்ததும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டானாம்.

“புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?”

“ரெண்டு பக்கமும் மக்காச்சோளந்தாம்மா விளையுது. கென்யாவுல பொம்பளைங்க பாடுபடுறாங்க, பத்திரம் பெரும்பாலும் ஆம்பளை பேர்ல. ஹோப்பி ஊர்ல வயல் தாய்வழிச் சொத்து. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போகணும்.”

“அப்போ அங்கன மாப்பிள்ளைதான் அழுதுக்கிட்டே போவான், என்ன?” சிரிக்கிறார். கண் மட்டும் குற்றாலம் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. “இவன் வராட்டா நானும் கென்யாக்காரிதான்.”

மூன்றாவது பேருந்தில் அவன் வருகிறான், தலையில் ஈரத்துண்டோடு.

“ஏலே, நீ வருவியோ மாட்டியோன்னு...” துண்டை உருவி அவன் தலையைத் துவட்டுகிறார்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது: “பேனா கொண்டாந்தியளா மதினி?”