தம்பியின் தோப்பில் விண்கல்

விண்கல் தேடும் குழுவில் என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்துச் சேர்க்கவில்லை. நானேதான் போய்ச் சேர்ந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அது.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில், பச்சையாக ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டே கிழக்குப் பக்கம் போனது. பின்னாலேயே கதவை அறைந்த மாதிரி ஒரு சத்தம். மறுநாளே பக்கத்து பிளாக்கில் இருந்த பெரிய அதிகாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்துவிட்டார். விழுந்த கல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வானம் பார்க்கப் பிடிக்கும். சுரங்கக் கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு அதெல்லாம் பிடிக்கக் கூடாது என்று சட்டமா என்ன? சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய குவார்ட்டர்ஸில் கூட்டம். பன்னிரண்டு பேர் வருவோம். கால் மணி நேரம் விண்கல் பேச்சு. மீதி நேரமெல்லாம் யாருக்கு பிரமோஷன், யார் பையனுக்கு எந்த நாட்டில் வேலை. அதிகாரிகளும் அவர்கள் வீட்டம்மாக்களும் சோபாவில் உட்கார்ந்து பீங்கான் கப்பில் காபி குடிப்பார்கள். எனக்கும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த ஒருவருக்கும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, பேப்பர் கப். "கப்பு பத்தல, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். மூன்று வாரமாகப் பற்றவில்லை. ஷோகேஸில் அடுக்கி வைத்திருந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிட்டேன்.

அங்கங்கே கிடைத்த கேமரா படங்களை வைத்து அதிகாரி ஏதோ கணக்குப் போட்டார். நான்காவது வாரம் டிவியில் மேப்பைக் காட்டி, குள்ளஞ்சாவடிக்கு இந்தப் பக்கம் முந்திரித்தோப்புகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கல் அதற்குள்தான் கிடக்கிறதாம்.

"அது என் தம்பி தோப்பு சார்" என்று வாயை விட்டேன்.

அவ்வளவுதான். சோபாவில் இடம் வந்தது. பீங்கான் கப்பும் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பொய் எதற்கு?

தம்பியிடம் கேட்பதுதான் பெரிய பாடு. எங்கள் அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அதற்குப் பதிலாக வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. தம்பி அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். வேலை எனக்கு வந்தது. எனக்கு குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, மாதச் சம்பளம். அவனுக்கு மிஞ்சியது அந்தத் தோப்பு ஒன்றுதான். அதையும் எடுக்கப் போகிறார்கள் என்று வருஷா வருஷம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். அளக்கிற டேப்பும் குச்சியுமாக எவனாவது தோப்பில் இறங்கினால் ஊரே கூடிவிடும்.

ஒரு வழியாகத் தம்பியிடம் போய்க் கேட்டேன். "தேடட்டும்க்கா, கல்லுதானே. ஆனா கோடு போடக் கூடாது, குச்சி நடக் கூடாது. அப்புறம் ஊரு என்னத்தான் கேக்கும். உன்ன நம்பித்தான் செரின்றேன்" என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதிகாரியிடமும் அப்படியே சொன்னேன். டைரியில் குறித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வேனில் போனோம். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கம்பு நுனியில் கட்டி ஆளுக்கு ஒன்று. புளியோதரை, வடை, ஃபிளாஸ்க் நிறைய காபி. தோப்பில் பூ எடுத்திருந்தது. தாழ்ந்த கிளைகளைத் தள்ளிக்கொண்டே இவர்கள் நடந்ததில் பூ உதிர்ந்தது. "பாத்துப் போங்க" என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. இரண்டு மணி நேரத்தில் காந்தத்தில் ஒட்டியது துருப்பிடித்த கம்பியும் ஒரு டிராக்டர் போல்ட்டும்தான். அந்த போல்ட்டைக்கூட ஒரு அம்மா விண்கல் என்று நினைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். நட்டு போல்ட்டோடு குப்பை கொட்டுகிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தம்பியும் நானும் குடிதண்ணீர் கொண்டுவர அவன் வீட்டுக்குப் போய்த் திரும்பினோம். வரும்போது மரங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. சுண்ணாம்புத்தூள். கட்டம் கட்டமாகக் கோடு. மூலைக்கு மூலை சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சி. கல் கிடைக்காத கோபத்தில், இனி முறைப்படி தேடலாம் என்று அதிகாரி முடிவு செய்துவிட்டாராம். தம்பி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. முப்பது பேர் இருக்கும். "யாரக் கேட்டு அளக்கறீங்க?" என்றார் முன்னால் வந்த ஒரு கிழவி. அதிகாரி பதற்றப்படவே இல்லை. சட்டைப் பையில் கையை விட்டு ஐடி கார்டை எடுத்து எல்லாரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"நாங்க கம்பெனி ஆளுங்கதாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல."

டவுன்ஷிப்பில் அந்தக் கார்டைக் காட்டினால் எல்லா கேட்டும் திறக்கும். முப்பது வருஷமாக அதைக் காட்டியே உள்ளே போய்ப் பழகிய மனுஷன். நிலம் போகுமோ என்று பயந்துகொண்டிருக்கும் ஊரில் எதைக் காட்டக் கூடாதோ அதையே காட்டினார். காட்டிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். ஒருத்தன் குச்சியைப் பிடுங்கி எறிந்தான். வேனை மறிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து குரல் வந்தது.

தம்பி காதில் விழட்டும் என்றே கத்தினேன். "கோடு போடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே சார். மனுஷன்தானா நீங்க?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "காலைல சுண்ணாம்பு மூட்டைய வேன்ல ஏத்தும்போது நீங்கதானே தள்ளி உக்காந்து எடம் விட்டீங்க? அப்ப ஏன்மா பேசல?"

உண்மைதான். முன் சீட்டில், அவர் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். மூட்டையைப் பார்த்தேன். அது எதற்கு என்றும் புரிந்தது. வாயைத் திறந்தால் அந்த இடம் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"உன் கார்டு எங்கக்கா?"

"எதுக்குடா?"

"அவரு காட்னாரில்ல. நீயும் காட்டு. ஊரு பாக்கட்டும்."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தெரியாத பெண்ணைப் பார்ப்பது மாதிரி போட்டோவைப் பார்த்தான். கிழவியிடம் கொடுத்தான். அது நாலைந்து கை மாறி என்னிடமே திரும்பி வந்தது. "செரி, உங்க ஆளுங்கள இட்டுகினு கெளம்பு" என்றான். பிறகு காலாலேயே கோட்டைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தான். நானும் போய்க் காலை வைத்தேன். "வேணாம். நீ போய் வண்டில ஏறு" என்றான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த அதிகாரி இதையே ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். கிழவி மாதிரி பேசியும் காட்டினார். சோபா மொத்தமும் சிரித்தது. பீங்கான் கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "என் தம்பிகிட்ட ஒரு வாரமா ஊருல யாரும் பேசல. உங்களுக்கு வடையும் எறங்குது, சிரிப்பும் வருது" என்றேன். நான் எமோஷனலாகப் பேசுகிறேன் என்றார் அவர். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். குழுவிலிருந்தும் வெளியே வந்தேன். அந்த மனுஷனை இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால் வேறு வழியாகப் போகிறேன். அவர் மேல் ஆத்திரம் தீரவில்லை. அன்றைக்குத் தோப்பில் அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் இன்னும் தீரவில்லை.

தம்பிக்கு போன் போட்டு, குழுவை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். "செரிக்கா" என்றான். கோடெல்லாம் போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றான். வருஷா வருஷம் இரண்டு நாள் லீவு போட்டு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போவேன். அதைப் பற்றிக் கேட்டேன். "பொறுக்கறப்ப சொல்றேன், வா" என்றான். எனக்கு உயிர் வந்தது. பங்குனியிலேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவன் போனுக்காகக் காத்திருந்தேன்.

வைகாசியில் பண்ருட்டி பஸ்ஸில் தம்பி மனைவியைப் பார்த்தேன். கொட்டை எல்லாம் பொறுக்கிக் காயவைத்துக் கடையில் போட்டாயிற்றாம். "கடைசி வரைக்கும் நீங்க வருவீங்கன்னு பாத்துகினு இருந்தேன் அண்ணி. அவரு உங்களுக்குச் சொல்லலயா?" என்று கேட்டாள்.

"சொன்னானே. எனக்குத்தான் லீவு கெடைக்கல" என்றேன்.