வாரத்துக்கு வந்த செவலை

உண்ணிக் காய்ச்சல் எங்கள் தொழுவுக்குப் புதிதல்ல. வெயில் காலத்தில் ஏதாவது ஒரு மாட்டுக்கு வரும். இரை எடுக்காமல் இரண்டொரு நாள் நிற்கும். பிறகு தானாகவே தவிட்டுத் தொட்டியில் வாய் வைக்கும். உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறுகிறது என்று எங்கள் ஊர் இடைசெவலில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் டாக்டரைக் கூப்பிடுவதில்லை.

கழுகுமலையில் இருக்கும் பெரியப்பா மகன் ஒரு செவலைப் பசுவை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். வடக்கே ஒரு சந்தையில் வாங்கியதாம்.

"வாரத்துக்கு வளத்துக்கோட்டி. மொதக் கன்னு எனக்கு, அடுத்தது ஒனக்கு. பாலு பூராவும் ஒனக்குத்தான்."

இப்படிப் பங்குக்கு மாடு வளர்க்கும் வாரம் எங்கள் பக்கம் வாய்ப்பேச்சில் நடப்பது. மாட்டின் குறையைக் கொடுப்பவர் மறைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அதில் விதி. அண்ணன் சொன்னார். கறக்கும்போது வாலை வீசும் என்றார். ஒரு காம்பில் பால் மெதுவாக இறங்கும் என்றுகூடச் சொன்னார். இவ்வளவு சிறிய குறையைச் சொல்பவரிடம் வேறு என்ன கேட்பது? என் காரிப் பசுவுக்குப் பக்கத்து முளையில் செவலையைக் கட்டினேன்.

காரி எங்கள் தொழுவில் பிறந்தது. அப்போது நிறைசினை. சில வாரங்களில் அதற்குக் காய்ச்சல் கண்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"மாட்டுக்கும் தெர்மாமீட்டரா! நீ ஒருத்திதான் இப்பிடி" என்று சிரித்தார். "ஒம் மாட்டுக்கு வருசா வருசம் வருதது தான? ரெண்டு நாள் பாரு. சினை மாட்டுக்கு ஊசியப் போட்டுக் கெடுத்துராத."

பார்த்தேன். தோளுக்கு முன்னால் கட்டி உருண்டது. கண்ணின் உள்தோல் வெளுத்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார், ஊசியும் போட்டார். அதற்குமேல் காரி எழுந்திருக்கவில்லை. வயிற்றுக் கன்றோடு போயிற்று.

"உண்ணிக் காய்ச்சலுக்கா சாகும்?" என்று கேட்டேன்.

"அதே கிருமிதாம்மா. மைக்ராஸ்கோப்புல பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா எல்லாத்துக்கும் ஒரே வீரியம் கெடையாது. இங்கன உள்ளது ஒங்க மாட்டுக்குப் பழக்கம். இது வேற எங்கிருந்தோ வந்த மாதிரி இருக்கு. புதுசா மாடு எதுவும் வந்துச்சா?"

செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"தப்பிப் பொழச்ச மாடு பாக்க நல்லாத்தான் இருக்கும். கிருமி ரத்தத்துல கெடக்கும். உண்ணி அத அடுத்த மாட்டுக்குக் கொண்டு போயிரும்."

அப்போதும் அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

மாடு செத்ததை விசாரிக்கக் கழுகுமலையிலிருந்து மதினி வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "இதுகூட ஒரே வண்டியில வந்த மத்த ரெண்டும் இதே மாதிரி கட்டி வந்துதான் செத்துச்சு. இது மட்டும் தப்பிச்சிருச்சு. எங்க தொழுவு மாடுககூட இதக் கட்டாதீயன்னு அவியட்ட அன்னைக்கே சொன்னேன்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் வந்தார். காரி இருந்த இடத்தைப் பார்க்காமல் பேசினார்.

"செவலைய நான் ஏத்திட்டுப் போயிருதேன். பசுவந்தனையில ஒருத்தரு வாரத்துக்குக் கேக்காரு."

"அவியட்ட சொல்லுவியளா?"

"என்னத்த?"

"கூட வந்த ரெண்டும் செத்தத."

"எல்லாத்தையும் சொன்னா எவம்ட்டி மாட்டப் பிடிப்பான்?"

"அப்பம் இங்கனயே நிக்கட்டும்ண்ணே."

பாரம் இறங்கிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பைக்கை எடுக்கும்போது, "மொதக் கன்ன மறந்துராத" என்றார்.

செவலையைக் கொல்லையில் தனியாகக் கட்டியிருக்கிறேன். தினமும் காலையில் காது, கழுத்துத்தொங்கல், மடி, வாலடி என்று வரிசையாக உண்ணி பார்த்து, பிடுங்கியதை மண்ணெண்ணெயில் போடுகிறேன். அது பேசாமல் நின்று கொடுக்கிறது. கறக்கும்போது வாலை வீசுகிறது. ஒரு காம்பில் பால் மெதுவாகத்தான் இறங்குகிறது, அண்ணன் சொன்னபடியே.